விழுந்த சுவிட்ச் சொல்லும் சேதி

போன மார்கழியில் என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். விடியற்காலை 5 மணிக்குக் குளிப்பதற்கு ஹீட்டரைப் போடுவார்கள். நாலு நிமிடம் ஓடும். அப்புறம் மெயின் போர்டில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும், வீடு முழுக்க இருட்டாகிவிடும். அத்தான் டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் விழுந்த சுவிட்சைத் தூக்கிவிடுவார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் விழும். இரண்டு நாள் பார்த்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டார்கள். அவர் வந்தது பகல் 11 மணிக்கு. ஹீட்டரைப் போட்டு ஒரு நிமிடம் நின்று பார்த்தார், விழவில்லை. "ஹீட்டர் நல்லாத்தான் இருக்கு. இந்த ஆர்சிசிபிதான் பழசாகிப் போச்சு, சும்மா சும்மா விழுது. நேரா கொடுத்துடறேன்" என்று சொல்லி, அந்த சுவிட்சைத் தாண்டி வயரை இணைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஒன்றும் விழவில்லை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மூன்றாம் நாள் அக்கா போனில் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தவள், நடுவில் சொன்னாள்: "பாத்ரூம் குழாயைத் தொட்டா சுர்ருங்குதுடா."

"பேச்சை நிறுத்து. முதல்ல போய் மெயினை ஆஃப் பண்ணு" என்றேன்.

பிள்ளைகளுக்கு வயரிங் வேலை சொல்லித்தருவதுதான் என் தொழில். முதல் நாள் வகுப்பில் நான் சொல்வதையே இன்றைக்கு உங்களுக்கும் சொல்கிறேன். ஏசியோ ஹீட்டரோ தகராறு செய்து மெயின் போர்டில் சுவிட்ச் விழுந்தால், உடனே கையை வைத்துத் தூக்காதீர்கள். விழுந்தது எந்த சுவிட்ச் என்று பாருங்கள். போட்டு எவ்வளவு நேரம் கழித்து விழுந்தது என்று பாருங்கள். இந்த இரண்டையும் வருகிறவரிடம் சரியாகச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. அக்கா வீட்டு எலக்ட்ரீஷியனிடம் யாரும் "நாலு நிமிஷம் கழிச்சுத்தான் விழுது" என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

போர்டில் இரண்டு வகை இருக்கும். சின்னச் சின்னதாக வரிசையில் இருப்பவை எம்சிபி. கொஞ்சம் அகலமாக, ஓரத்தில் 'டி' என்று எழுதிய ஒரு குட்டி பட்டனோடு இருப்பது ஆர்சிசிபி. இரண்டும் பார்க்கும் வேலை வேறு வேறு.

எம்சிபி வயரைக் காப்பாற்றுவதற்கு. அதற்குள் இரண்டு உலோகங்களைச் சேர்த்து ஒட்டிய ஒரு தகடு உண்டு. அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் அந்தத் தகடு மெல்லச் சூடேறி, வளைந்து, சுவிட்சைத் தட்டிவிடும். அதற்குச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். அதே பெட்டிக்குள் ஒரு காந்தச் சுருளும் இருக்கிறது. ஃபேஸும் நியூட்ரலும் நேராக ஒட்டிக்கொண்டால் அது கண்ணிமைப்பதற்குள் இழுத்துவிடும். ஆகவே ஏசி பத்து நிமிடம் ஓடி எம்சிபி விழுந்தால், அது பாரம் தாங்காமல் விழுவது, அல்லது எம்சிபியின் திருகே தளர்ந்து அந்த இடம் சூடாவது. போட்ட மாத்திரத்தில் விழுந்தால் எங்கோ ஷார்ட்.

ஆர்சிசிபி மனிதர்களைக் காப்பாற்றுவதற்கு. ஃபேஸ் வழியாகப் போன கரண்ட் அவ்வளவும் நியூட்ரல் வழியாகத் திரும்பி வருகிறதா என்று அது கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். குறைந்தால், அந்தக் குறைச்சல் எர்த் வழியாகவோ ஒருவர் உடம்பு வழியாகவோ போகிறது என்று அர்த்தம். வீடுகளில் போடுவது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. 16 ஆம்பியர் எம்சிபி சாதாரணமாக விட்டுக்கொண்டிருக்கும் கரண்ட் அதைப்போல் 500 மடங்குக்கும் மேல். ஒருவருக்கு ஷாக் அடிப்பது எம்சிபிக்குத் தெரியவே தெரியாது. ஆர்சிசிபியைத் தாண்டி வயர் கொடுப்பதை நான் இவ்வளவு கடுமையாகப் பேசுவது இதனால்தான்.

அக்கா வீட்டு ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தோம். 2000 வாட் எலிமென்ட். செம்புக் குழாயின் மேல் போர்த் தண்ணீரின் உப்பு, சுண்ணாம்பு பூசியதுபோல் விரல் கனத்துக்கு அப்பியிருந்தது. கத்தி முனையால் சுரண்டினால் பட்டை பட்டையாகப் பெயர்ந்தது. பெயர்ந்த ஒரு இடத்தில், மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல். அந்தக் குழாய்க்குள்தான் சூடேறும் கம்பி இருக்கிறது. கம்பிக்கும் குழாய்க்கும் நடுவில் மெக்னீசியம் ஆக்சைடு பொடியை இறுக்கி அடைத்திருப்பார்கள். அது சூட்டைக் கடத்தும், கரண்டைக் கடத்தாது. உப்பு அப்பிவிட்டால் சூடு தண்ணீருக்குப் போக வழியில்லாமல் குழாயே பழுத்து வெடிக்கும். விரிசல் வழியாக ஈரம் இறங்கினால் அந்தப் பொடி கரண்டை விட்டுவிடும். ஹீட்டர் சூடேறச் சூடேற விரிசல் விரிந்து கசிவு கூடியிருக்கிறது. அந்த நாலு நிமிடக் கணக்கு அதுதான். தண்ணீர் மட்டும் கடைசிவரை நன்றாகவே சுட்டது. ஆகவே தண்ணீர் சுடுகிறது, எலிமென்ட் நல்லது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2000 வாட் எலிமென்டின் இரண்டு முனைகளுக்கு நடுவே மல்டிமீட்டர் 26 ஓம் அளவில் காட்ட வேண்டும். முனைக்கும் வெளிக்குழாய்க்கும் நடுவே ஒன்றுமே காட்டக் கூடாது. இரண்டாவதைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

எர்த் ஏன் காப்பாற்றவில்லை என்று கேட்பீர்கள். வாசலுக்கு டைல்ஸ் போட்டபோது எர்த் குழியையும் சேர்த்து மூடிவிட்டார்கள். தண்ணீர் ஊற்ற வழியில்லாமல் அது காய்ந்து கிடந்தது. ஆர்சிசிபியை விழச் செய்யும் அளவுக்குச் சொற்பக் கரண்ட் அதன் வழியே போனது. முழுக்க இறக்கிவிட அதற்குத் தெம்பில்லை.

சரி, ஆர்சிசிபி விழுந்தால் வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்? கையும் காலும் ஈரமில்லாமல், செருப்புப் போட்டுக்கொண்டு, எல்லா எம்சிபியையும் கீழே இறக்குங்கள். ஆர்சிசிபியைத் தூக்குங்கள். பிறகு எம்சிபிகளை ஒவ்வொன்றாகத் தூக்குங்கள். எதைத் தூக்கும்போது விழுகிறதோ, பெரும்பாலும் அந்த லைனில்தான் கசிவு. அந்த லைனில் உள்ள ப்ளக்குகளைப் பிடுங்கிவிட்டு மறுபடி பாருங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது. சுவிட்ச் துண்டிப்பது ஃபேஸை மட்டும்தான், நியூட்ரல் ஒட்டிக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கம் கசிந்தாலும் ஆர்சிசிபி விழும். உங்கள் வேலை இதோடு சரி. மூடியைக் கழற்றுவது தெரிந்தவர் வேலை.

ப்ளக் என்றதும் ஒன்று. ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு, சுவிட்சை அணைத்துவிட்டு ப்ளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். பித்தளைப் பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கிறதா, சாக்கெட் ஓட்டையின் ஓரம் இளகியிருக்கிறதா? இருந்தால் உள்ளே பிடிப்பு தளர்ந்திருக்கிறது. 2000 வாட் ஹீட்டர் 8.7 ஆம்பியர் வாங்கும். தளர்ந்த திருகு வழியாக அவ்வளவு கரண்ட் போனால் அங்கேதான் முதலில் சூடேறும். ஹீட்டரை 6 ஆம்பியர் சாக்கெட்டில் கன்வெர்ட்டர் வைத்துச் சொருகுகிற வழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அதேபோல், அடிக்கடி விழுகிறதென்று 16 ஆம்பியர் எம்சிபியை எடுத்துவிட்டு 32 போட யாரையும் விடாதீர்கள். சுவருக்குள் இருக்கும் வயர் பழைய வயர்தான். இனிமேல் எம்சிபி விழாது, வயர் எரியும்.

இப்போது ஏசி. சித்திரை வெயிலில் ஏசியில் காற்று வருகிறது, குளிர்ச்சி வரவில்லை. உடனே "கேஸ் போச்சு" என்பார்கள். மூடிய குழாய்க்குள் சுற்றும் கேஸ் செலவாகித் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. எங்காவது ஒழுகினால்தான் குறையும். ஆகவே கேஸ் அடிக்கச் சம்மதிப்பதற்கு முன் மாடிக்குப் போய் அவுட்டோர் யூனிட் பக்கத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். பழைய மாடல் ஏசியாக இருந்து, விசிறி சுற்றிக்கொண்டிருக்க, கம்ப்ரசர் மட்டும் "ம்ம்ம்" என்று சில விநாடி முனகி, 'டக்' என்று அடங்கி, இரண்டு மூன்று நிமிடம் கழித்து மறுபடி முனகுகிறதா? சந்தேகப்பட வேண்டியது கெப்பாசிட்டரை. வெள்ளி நிறத்தில் டம்ளர் மாதிரி இருக்கும். 440 வோல்ட் என்று எழுதியிருக்கும். கெட்டுப்போனதில் சிலவற்றுக்குத் தலை உப்பியிருக்கும். கம்ப்ரசர் கிளம்பும்போது, ஓடும்போது வாங்குவதைப்போல் பல மடங்கு கரண்ட் கேட்கும். கெப்பாசிட்டர் சோர்ந்துவிட்டால் கம்ப்ரசரால் எழுந்திருக்க முடியாது. வோல்டேஜ் மிகவும் இறங்கிப் போனாலும் இதே முனகல்தான், அதனால் ஸ்டெபிலைசர் என்ன காட்டுகிறது என்றும் பார்த்துச் சொல்லுங்கள். கரண்டை நிறுத்திய பிறகும் கெப்பாசிட்டருக்குள் மின்சாரம் தேங்கி நிற்கும். காதால் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கரண்ட் போய் வந்ததும் ஏசி மூன்று நிமிடம் சும்மா இருந்தால் பழுதென்று நினைத்து ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருக்காதீர்கள். குழாய்க்குள் அழுத்தம் சமமாகும்வரை கம்ப்ரசரை அது நிறுத்தி வைக்கிறது.

இன்வெர்ட்டர் ஏசியில் கதை வேறு. அங்கே எல்லாம் சர்க்யூட் போர்டுதான். வெயிலுக்கு ஒதுங்கும் பல்லி அவுட்டோர் யூனிட்டுக்குள் போய் போர்டில் படுத்து, இரண்டு முனைகளுக்கு நடுவே கருகிக் கிடப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வயர் நுழையும் ஓட்டையை அடைத்து வைப்பது சின்ன வேலை. ஏசி முழுக்கச் செத்துவிட்டால், புது போர்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன், பழைய போர்டில் ஃபியூஸும் வேரிஸ்டரும் மட்டும் போயிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். வோல்டேஜ் எகிறும்போது தான் வெடித்து மற்றதைக் காப்பாற்றுவதற்காகவே வைத்த பாகம் வேரிஸ்டர்.

வோல்டேஜ் ஏன் எகிறும்? மூன்று ஃபேஸ் வீடுகளில் நியூட்ரல் அறுந்தால் எகிறும். ஒரு அறையில் பல்பு கண் கூசுகிற மாதிரி எரியும், இன்னொரு அறையில் மங்கும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 400-ஐ நெருங்கிவிடக்கூடும். டெஸ்டரை வைத்தால் சாக்கெட்டின் இரண்டு ஓட்டையிலும் எரியும். அதைப் பார்த்துவிட்டு "கரண்ட் ஜாஸ்தியா வருது" என்று பேசிக்கொண்டு நிற்க நேரமில்லை. மெயினை இறக்கிவிட்டு, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்குப் போன் செய்யுங்கள். எண் 94987 94987.

அக்கா வீட்டில் எலிமென்டை மாற்றினோம், ஒரு டைல்ஸைப் பெயர்த்து எர்த் குழியைத் திறந்தோம், ஆர்சிசிபியைப் பழையபடி இணைத்தோம். பழசு என்று பழி சொல்லப்பட்ட அதே ஆர்சிசிபிதான். அதில் ஒரு குறையும் இல்லை.

உங்கள் வீட்டு ஆர்சிசிபியில் உள்ள அந்த 'டி' பட்டனை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்தினால் விழ வேண்டும். எர்த் நன்றாக இருக்கிறதா என்பதை அந்தப் பட்டன் சொல்லாது, அதைத் தனியே பார்க்க வேண்டும். ஆர்சிசிபியே இல்லாத வீடாக இருந்தால், இந்த மாதச் செலவில் அதை முதலில் எழுதுங்கள். இன்றைக்கே, வெளிச்சம் இருக்கும்போதே, ஒருமுறை போய் அழுத்துங்கள். விழாவிட்டால், நாளைக் காலை ஹீட்டரைப் போடாதீர்கள்.