கோணமலையில் கல்லும் சொல்லும்



ஈழத்துச் சிவத்தலங்களுள் தேவாரப் பதிகம் பெற்றவை இரண்டு. ஒன்று மாதோட்டத்துத் திருக்கேதீச்சரம். மற்றையது திருகோணமலைக் கோணேசர் கோயில். இரண்டும் கடலை அண்டியவை. இரண்டும் அழிந்து மீண்டும் எழுந்தவை. அவற்றுள் கோணேசர் கோயிலுக்கு இன்று ஓர் இலக்கிய யாத்திரை போய் வருவோம்.

நகரிலிருந்து கோயிலுக்குப் போகிறவர் முதலில் காண்பது கோபுரத்தை அல்ல, கோட்டையை. பிரட்றிக் கோட்டை என இன்று வழங்கும் அதன் வாயிலைக் கடந்துதான் சுவாமி மலைக்கு ஏற வேண்டும். 1622ஆம் ஆண்டில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா கோயிலை இடிப்பித்தான். அதன் கற்களைக் கொண்டே இங்கு கோட்டை எழுந்தது. ஆகவே அடியார் கோட்டை வாயிலை மிதிக்கும்போதே பழைய கோயிலின் கற்களுக்கிடையே நடக்கத் தொடங்கிவிடுகிறார் எனலாம்.

அவ்வாயிலில் கயல் பொறித்த கல்லொன்று உண்டு. அருகே சில தமிழ் எழுத்துகளும் உள. அவை சிதைந்து போனமையால் முழுமையாக வாசிக்க முடிவதில்லை. ஆனால், குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கியர் பிரிப்பர் என்று முன்னறிந்து சொல்லும் ஒரு செய்யுளாக அவ்வெழுத்துகளை நிரப்பி வாசிப்பது நம்மவர் வழக்கம். கல்லில் இல்லாத எழுத்தை மக்கள் வாய் நிரப்பிக்கொண்டது. அது சரித்திரம் ஆகுமா என ஆராய்வோர் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். எனினும், இழப்பை ஒரு சமூகம் எப்படித் தாங்கிக்கொண்டது என்பதற்கு அச்செய்யுளே சான்று.

மான்கள் மேயும் பாதை வழியே மேலே ஏறுவோம். மூன்று புறமும் கடல். இந்த இடத்தில் திருஞானசம்பந்தரின் பதிகத்தை நினைக்காமல் இருக்க முடியாது. மூன்றாம் திருமுறையில், புறநீர்மைப் பண்ணில் அமைந்த பதிகம் அது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த சம்பந்தர் இம்மலையைக் கண்ணால் கண்டதில்லை. இராமேச்சரத்தில் நின்றவாறே கோணமலையை நினைந்து பாடினார் என்பது சேக்கிழார் தரும் செய்தி. இருந்தும் அப்பாடல்களில் கடல் ஓயாமல் ஒலிக்கிறது. அலைகள் சந்தனத்தையும் அகிலையும் மணிகளையும் வாரி வந்து, முத்தைக் கரையில் கொழிக்கின்றன. குருந்தும் முல்லையும் செறிந்த பொழில் வருகிறது. கோயிலும் சுனையும் கடலும் ஒருங்கே சூழ்ந்த மலை என்ற காட்சி வருகிறது. குடிகள் நெருங்கி வாழ்ந்த ஊர் என்ற குறிப்பும் உண்டு. பாக்கு நீரிணையைக் கடந்து இத்தலத்தின் புகழ் அக்காலத்திலேயே போயிருந்தது என்பதற்கு இதனிலும் வேறு சாட்சி வேண்டுமா?

இன்னொன்றையும் கவனிக்கலாம். சம்பந்தர் பதிகங்களில் எட்டாம் பாடல் இராவணனுக்கு உரியதாக அமைவது பெருவழக்கு. கயிலையைப் பெயர்க்க முயன்று அவன் செருக்கு அடங்கிய கதை அங்கே பேசப்படும். வேறு தலங்களில் இது ஒரு மரபு. ஆனால் கோணமலையில் பாடும்போது அதற்குத் தனிச்சுவை வந்துவிடுகிறது. தட்சிண கைலாசம் எனப் பெயர்பெற்ற இம்மலையின் செங்குத்தான பிளவை நம்மவர் 'இராவணன் வெட்டு' என்கிறார்கள். தாயின் வழிபாட்டுக்காக மலையையே பெயர்க்க அவன் வாளால் வெட்டிய இடம் அது என்பது கதை. வடகயிலைக் கதை தென்கடலில் வேர்விட்ட விதம் இது.

கோணேசர் கல்வெட்டு என்றொரு நூல் உண்டு. பெயரைக் கேட்டுக் கல்லில் தேடினால் கிடையாது. அது ஏட்டில் வாழ்ந்த நூல். குளக்கோட்டன் வகுத்ததாகச் சொல்லப்படும் ஒழுங்குகளையும், தானத்தார், வரிப்பத்தார் முதலானோர் கோயிலுக்குச் செய்ய வேண்டிய தொழும்புகளையும் அது விரித்துரைக்கிறது. யார் விளக்கேற்றுவது, யார் பூக்கொணர்வது என்ற நியதி எழுத்தில் நின்றது. கோயில் போய்விட்ட காலத்திலும் தாம் இன்ன கடமைக்கு உரியவர் என்ற நினைவு குடிகளிடம் அற்றுப்போகாமல் இருந்ததற்கு இத்தகைய நூல்களின் பங்கு பெரிது.

கோயில் இல்லாத அந்தக் காலம் சிறிதன்று. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல். தம்பலகாமத்தில் ஆதிகோணநாயகர் வழிபாடு தொடர்ந்தது. இங்கே மலையிலோ, வெறும் பாறையே சந்நிதி. அந்திவேளையில் பாறை விளிம்பில் நின்ற பூசகர் கடலை நோக்கிப் பூத்தூவித் தீபம் காட்டிய வழிபாட்டை, 1859இல் வெளிவந்த தமது இலங்கை பற்றிய நூலில் எமேர்சன் டெனன்ட் வருணித்திருக்கிறார். கருவறை இல்லை, மதில் இல்லை, கோபுரம் இல்லை. இடமும் சொல்லும் மட்டுமே மிஞ்சியிருந்தன. வழிபாடு நிற்கவில்லை.

பின்பு கல்லும் திரும்பி வந்தது. 1950இல் கிணறு வெட்டியபோது வெண்கலத் திருவுருவங்கள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. 1956இல் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கி, கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். 1963இல் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. இன்று நாம் வணங்கும் கோணேசரும் மாதுமையம்மையும் அந்த நீண்ட காத்திருப்பின் பயன்.

நேயர்களே, அருச்சனை முடித்து விபூதி பூசி, பிளவின் ஓரம் நின்று கடலைப் பார்த்துவிட்டு இறங்குகிறோம். நல்லது. ஆனால் இறங்குமுன் அப்பதிகத்தை ஒருமுறை அங்கே வாய்விட்டு ஓதிப் பாருங்கள். பிள்ளைகளையும் ஓதச் செய்யுங்கள். வகுப்பறையில் அருஞ்சொற்பொருள் எழுதி மனனம் செய்த பாட்டு, அலை பாறையில் மோதும் ஓசையோடு சேரும்போது அவர்களுக்கே பொருள் சொல்லும். கல்லை இடிக்கப் பீரங்கி வேண்டும். சொல் அழிவதற்கு நாம் ஓதாமல் விட்டாலே போதும். சம்பந்தர் காணாமலே பாடிய மலையில் நிற்கும் பேறு நமக்குக் கிடைத்திருக்கிறது. அவர் பாட்டையும் அங்கே கொண்டு போவோம்.