செயற்கை சுவாசமும் நிமோனியாவும்: நோயாளியின் சொந்தங்கள் அறிய வேண்டியவை

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)

 

நோயுற்றவரைச் சென்று நலம் விசாரிப்பது அவருக்கு நம்மீது உள்ள உரிமை என்பதை இந்த அவையில் அறியாதவர் இல்லை. அந்த உரிமையை எவ்வாறு நிறைவேற்றினால் அவருக்கு நன்மை, எவ்வாறு நிறைவேற்றினால் தீங்கு என்பதைப் பற்றியே இன்று சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

நாம் ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே, அடிவாரத்தில் வாழ்கிறோம். வளைவில் சறுக்கி விழுந்து தலையில் அடிபட்டவர், தோட்டத்தில் பாம்பு தீண்டியவர், திடீரென்று பக்கவாதம் கண்டவர் என யாராக இருந்தாலும் சேலம் அரசு மருத்துவமனைக்கோ வேறொரு தனியார் மருத்துவமனைக்கோதான் கொண்டு செல்கிறோம். அங்கே சிலருக்குச் செயற்கை சுவாசக் கருவி, அதாவது வென்டிலேட்டர், பொருத்தப்படுகிறது. 2020, 2021ஆம் ஆண்டுகளின் கொரோனாக் காலத்திற்குப் பின் இந்தச் சொல்லைக் கேள்விப்படாத வீடே இல்லை.

"வென்டிலேட்டர் வைத்துவிட்டால் மௌத்துதான்" என்று நம்மில் பலர் பேசுகிறோம். இது சரியன்று. 1952இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் இளம்பிள்ளை வாதம் பரவி, மூச்சுத் தசைகள் செயலிழந்து குழந்தைகள் இறந்துகொண்டிருந்தனர். பியோர்ன் இப்சன் என்னும் மருத்துவர் மூச்சுக் குழாயில் ஒரு குழலைச் செருகி, அதனுடன் இணைத்த பையைக் கையால் அழுத்திக் காற்றுச் செலுத்தும் முறையைக் கைக்கொண்டார். மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவு பகலாகப் பையை அழுத்தினார்கள். மரித்துவிடுவார்கள் என்று எண்ணப்பட்ட பலர் பிழைத்தார்கள். இன்றும் கட்டுவிரியன் தீண்டி மூச்சுத் தசைகள் தளர்ந்தவர், சில நாட்கள் கருவியின் துணையால் சுவாசித்து முழு நலத்துடன் வீடு திரும்புவதுண்டு.

ஆயினும் இந்தக் கருவியோடு ஓர் ஆபத்தும் சேர்ந்து வருகிறது. "விபத்திலிருந்து தப்பிவிட்டார், மருத்துவமனையில் நிமோனியா வந்துவிட்டது" என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். கருவி பொருத்தி இரண்டு நாட்களுக்குப் பின் தோன்றும் இந்த நுரையீரல் தொற்று எவ்விதம் உண்டாகிறது?

நலமாக உள்ள மனிதனின் தொண்டையில் ஒரு காவல் இருக்கிறது. எச்சிலோ உணவோ தவறி மூச்சுக் குழாய்க்குள் நுழைந்தால் இருமல் வந்து அதை வெளியே தள்ளிவிடும். குழல் செருகப்பட்டவருக்கு அந்தக் காவல் இல்லை. குழல் குரல்வளையைத் திறந்தபடியே வைத்திருக்கிறது. மயக்க மருந்து இருமலை அடக்கிவிடுகிறது. வாயில் பெருகும் கிருமிகள் கலந்த எச்சிலும், இரைப்பையிலிருந்து மேலேறி வரும் நீரும் குழலைச் சுற்றித் தேங்கி, சிறிது சிறிதாக நுரையீரலுக்குள் கசிகின்றன. குழலின் உட்புறத்திலும் கிருமிகள் படலமாகப் படிந்துவிடுகின்றன.

இது எவ்வளவு பரவலானது என்பதற்கு நமக்கு அருகிலேயே சான்று உண்டு. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் 2006 அக்டோபர் முதல் 2007 டிசம்பர் வரை, கருவியில் இருந்த 200 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் 36 பேருக்கு இந்த நிமோனியா வந்தது. நினைவிழந்திருந்தவர்களுக்கும், ஒரு முறை எடுத்த குழலை மறுமுறை செருக நேர்ந்தவர்களுக்கும் இது கூடுதலாகக் காணப்பட்டது. ஆகவே நிமோனியா வந்ததென்று கேள்விப்பட்ட உடனே மருத்துவர்மீது பாய்வது நியாயமாகாது. அதேவேளை, இதைத் தடுக்க வழியில்லை என்று கைகட்டி இருப்பதும் முறையாகாது. தடுக்கும் வழிகள் மிக எளியவை. அவற்றில் நமக்கும் பங்கு இருக்கிறது.

முதலாவது, படுக்கை. ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனாவில் செய்து 1999இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மல்லாந்து படுக்கவைத்தவர்களில் நூற்றுக்கு 23 பேருக்கு நிமோனியா உறுதியானது. தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்தவர்களில் நூற்றுக்கு 5 பேருக்கே உறுதியானது. எனவேதான் தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்கிறார்கள். "கழுத்து வலிக்கும், இறக்கி விடுங்கள்" என்று செவிலியரிடம் மன்றாடாதீர்கள்.

இரண்டாவது, வாய்ச் சுத்தம். மிஸ்வாக்கின் சிறப்பை நாம் ஆண்டுதோறும் பேசுகிறோம். தாமாகப் பல் துலக்க இயலாதவருக்கு அதைச் செய்வது செவிலியர் பணி. 15 ஆய்வுகளைத் தொகுத்து 2023 டிசம்பரில் வெளியான அறிக்கை, அன்றாடம் பல் துலக்கப்பட்ட நோயாளிகளிடம், குறிப்பாகக் கருவியில் இருந்தவர்களிடம், நிமோனியா குறைவாக இருந்ததெனக் காட்டுகிறது. "இன்று வாய் சுத்தம் செய்தாயிற்றா, சிஸ்டர்?" என்று பணிவோடு கேட்பதில் தவறில்லை.

மூன்றாவது, ஸம்ஸம் நீர். இதைச் சொல்லாமல் விட இயலாது. அன்பு மிகுதியால் குழல் உள்ளவரின் வாயில் சில சொட்டு ஸம்ஸம் விட முயலும் சொந்தங்கள் உண்டு. விழுங்க இயலாதவரின் வாயில் விடும் நீர், தொண்டையில் உள்ள கிருமிகளைச் சுமந்துகொண்டு நுரையீரலை நோக்கி இறங்கலாம். ஸம்ஸமின் பரக்கத்தில் ஐயமில்லை. அது செல்ல வேண்டிய பாதை அதுவன்று. கஞ்சியோ, தேனோ, ஓதி ஊதிய நீரோ, எதுவாயினும் மருத்துவரின் அனுமதியின்றிக் கொடுக்க வேண்டாம். படுக்கையருகே நின்று துஆச் செய்யுங்கள். அதற்கு யாரும் தடை சொல்லமாட்டார்கள்.

நான்காவது, கைகள். உறங்கி எழுந்தவர் கையைக் கழுவாமல் நீர்ப் பாத்திரத்தில் இடக்கூடாது என்று படித்த சமுதாயம் நாம். ஒரு கட்டிலைத் தொட்ட கையோடு மறு கட்டிலைத் தொட்டால் கிருமியும் உடன் செல்லும். உள்ளே நுழையும் முன்பும் வெளியே வந்த பின்பும் கைகளைச் சுத்தம் செய்யுங்கள். சளி, காய்ச்சல் உள்ளவர் போகவே வேண்டாம்.

ஐந்தாவது, மயக்க மருந்து. நாள்தோறும் சிறிது நேரம் அதை நிறுத்தி, நோயாளி தாமாக மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பார்கள். அப்போது அவர் நெளிவதைக் கண்டு, "ஏன் வதைக்கிறீர்கள், ஊசி போடுங்கள்" என்று சண்டையிடுவோர் உண்டு. 2000இல் வெளியான சிகாகோ ஆய்வில், இவ்வாறு தினமும் மருந்தை நிறுத்திப் பார்த்தவர்கள் ஏறத்தாழ ஐந்து நாட்களில் கருவியிலிருந்து விடுபட்டார்கள். மற்றவர்களுக்கு ஏழு நாட்களுக்கு மேலாயிற்று. கருவியில் இருக்கும் ஒவ்வொரு நாளும் நிமோனியாவுக்கு ஒரு வாய்ப்பு என்பதை நினைவில் வையுங்கள்.

பெரியோர்களே, இன்னொரு கடமை நோய் வருவதற்கு முன்பே தொடங்குகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் காணப்படும் அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் பலவகை ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்கு அடங்குவதில்லை. அம்மருந்துகளைக் கண்டபடி உட்கொண்டதே இதற்குப் பெருங்காரணம். 2012 ஆகஸ்டில் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, இவ்வாபத்தைத் தடுக்கச் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. அதன் ஒருங்கிணைப்பாளர் டாக்டர் அப்துல் கஃபூர். சாதாரண ஜலதோஷத்துக்கு மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கி, இரண்டு நாளில் நிறுத்திவிடும் மாத்திரை, நாளை நம் பிள்ளைக்கு வேலை செய்யாமல் போகலாம். சீட்டின்றி வாங்காதீர்கள், மருத்துவர் சொன்ன நாள்வரை உண்ணுங்கள்.

நிறைவாக நிர்வாகத்தின் முன் ஒரு வேண்டுகோள். மஹல்லாவில் ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டால், வேன் பிடித்து முப்பது பேர் செல்வதை நிறுத்துவோம். உள்ளே செல்ல வீட்டார் இருவர் போதும். மற்றவர்கள் வெளியே காத்திருப்போருக்கு உணவு கொண்டு செல்லலாம், இரத்தம் கொடுக்கலாம், வீட்டில் உள்ள குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளலாம், வேன் வாடகைப் பணத்தை மருந்துச் செலவுக்குக் கொடுக்கலாம். இவை அனைத்தும் நலம் விசாரிப்பதில் அடங்கும்.

நோயுற்றோர் அனைவருக்கும் வல்ல இறைவன் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! அவர்களைக் காக்கும் மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும் நற்கூலி வழங்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.