தென்னைத் தொழில்களும் விவசாயியின் வருவாயும்

பெங்களூர் மல்லேஸ்வரத்தின் எட்டாவது குறுக்குச் சாலைச் சந்தையில், பூவும் வெற்றிலையும் விற்கும் இடங்களுக்கருகே தேங்காய்க் குவியல்களைக் காணலாம். வரமகாலட்சுமி நோன்பு நெருங்கும்போது அவற்றுக்குத் தேவை பெருகுகிறது. அங்கு வாங்குவோர் காண்பது மட்டை உரித்த காயை மட்டுமே. ஆனால், ஒரு காயின் பொருளாதாரம் அதன் பருப்போடு முடிவதில்லை. மட்டைக்கும் சிரட்டைக்கும் இளநீருக்கும் உரிய விலை கிடைக்கிறதா என்பதைப் பொறுத்தே தென்னை விவசாயியின் வருவாய் நிலைபெறும்.

முதலில் கொப்பரையைக் கவனிக்கலாம். பச்சைத் தேங்காய்ப் பருப்பில் ஏறத்தாழப் பாதி ஈரமே. அதைச் சுமார் 6 சதவீதமாகக் குறைத்து உலர்த்தினால், 60 சதவீதத்துக்கு மேல் எண்ணெய் கொண்ட கொப்பரை கிடைக்கிறது. தமிழ்நாட்டில் காங்கேயம் வட்டாரம் இத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. எண்ணெயில் ஏறக்குறையப் பாதி லாரிக் அமிலமாக இருப்பதால், அது நுரை மிகுந்த சோப்புக்கு ஏற்றது. எஞ்சும் புண்ணாக்கு கால்நடைத் தீவனமாகிறது.

கர்நாடகத்தின் திப்டூர், உருண்டைக் கொப்பரைக்குப் புகழ்பெற்ற சந்தையாகும். முற்றிய காய்களை உரிக்காமல் பரணில் பல மாதங்கள் சேமித்து வைத்தால், உள்ளிருக்கும் நீர் வற்றிப் பருப்பு ஓட்டை விட்டு விலகுகிறது. இவ்வளவு காலம் காத்திருக்கும் விவசாயியை விலை வீழ்ச்சி கடுமையாகப் பாதிக்கிறது. 2025ஆம் ஆண்டுப் பருவத்துக்கு மத்திய அரசு குவிண்டாலுக்கு அரைவைக் கொப்பரைக்கு ரூ.11,582, உருண்டைக் கொப்பரைக்கு ரூ.12,100 என ஆதரவு விலை நிர்ணயித்தது. எனினும், இப்பாதுகாப்பு காயின் எல்லாப் பகுதிகளுக்கும் நீள்வதில்லை. மட்டைக்கும் சிரட்டைக்கும் இல்லை.

சிரட்டையை எரித்துவிடுவது எளிது. அதைக் கரியாக்கி, உயர்ந்த வெப்பத்தில் நீராவி செலுத்தினால், எண்ணற்ற நுண்துளைகள் கொண்ட வீரியமூட்டிய கரி உருவாகிறது. குடிநீரைச் சுத்திகரிக்கவும், தங்கத்தைப் பிரித்தெடுக்கவும், நச்சுவாயு முகமூடிகளிலும் இது பயன்படுகிறது.

மட்டையிலிருந்து கிடைக்கும் நார் கயிறாகவும் மிதியடியாகவும் மெத்தையாகவும் மாறுகிறது. சரிவான நிலங்களில் மண் அரிப்பைத் தடுக்கும் வலையாகவும் விரிக்கப்படுகிறது. ஒரு காலத்தில் கழிவென்று கொட்டப்பட்ட நார்த்தூள், நீரைத் தேக்கிவைக்கும் ஆற்றலால் நாற்றங்கால் ஊடகமாக ஏற்றுமதியாகிறது. ஆயினும், அதிலுள்ள உப்பை அகற்றக் கழுவும் நீர் நிலத்தடி நீரைக் கெடுப்பதாகப் பொள்ளாச்சிப் பகுதியில் புகார்கள் எழுந்தன. கழுவுநீரைச் சுத்திகரிக்கும் செலவும் இத்தொழிலின் கணக்கில் சேரவேண்டும்.

ஆராய்ச்சிக்கும் நிர்வாகத்துக்கும் அமைப்புகள் உள்ளன. காசர்கோட்டில் 1916ஆம் ஆண்டிலேயே தென்னை ஆராய்ச்சி தொடங்கியது. 1953ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் கயிறு வாரியமும், 1981இல் தென்னை வளர்ச்சி வாரியமும் அமைந்தன. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் தேங்காய் பதப்படுத்தும் முறைகளை உருவாக்கியுள்ளது.

தொழில்நுட்பம் இருந்தும், சிறு விவசாயி தனித்து ஆலை நடத்த இயலாது. ஆலைக்கு ஆண்டு முழுவதும் மட்டையும் சிரட்டையும் வந்தாக வேண்டும். அவை எடை குறைந்து இடம் மிகக் கொள்வதால் தொலைவு செல்லச் செல்ல வண்டி வாடகையே இலாபத்தை விழுங்கிவிடும். ஆகவே, உற்பத்தியாளர்கள் சங்கமாக இணைந்து, தோப்புகளுக்கு அருகிலேயே கூட்டாகப் பதப்படுத்துவதே ஏற்ற வழி. அவ்வாறு செய்தால்தான், காய் நகரச் சந்தைக்குச் சென்ற பின்னும் அதன் எஞ்சிய செல்வம் கிராமத்திலேயே தங்கும்.