செவி கொடுக்கும் தொழில்

"உங்கள் தொழில் யாது?" என்று கேட்பவர்களுக்கு விடை சொல்வது எனக்கு எளிதன்று. நான் மருந்து கொடுப்பவன் அல்லேன். அது மனநோய் மருத்துவரின் பணி. குறி சொல்பவனும் அல்லேன். மனக் கலக்கம் உற்றவரோடு ஓர் அறையில் அமர்ந்து, அவர் பேசுவதைக் கேட்டு, அவர் தம் வழியைத் தாமே காணத் துணை நிற்பது என் வேலை. இதனை உளச் சிகிச்சை என்பர். கேட்பதற்கும் ஒரு தொழிலா என்று நீங்கள் வியக்கலாம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தேன்.

கல்லூரியில் நான் பயின்றது இரசாயனம். விடுதியில் என் அறையில் தங்கியிருந்த நண்பன், இரண்டாம் ஆண்டின் நடுவில் ஊணையும் உறக்கத்தையும் குறைத்துக்கொண்டான். ஓரிரவு, விளக்கை அணைத்த பின், "எனக்கு இங்கே இருக்கவே பிடிக்கவில்லை" என்று தொடங்கினான். நான் அவனை முடிக்க விடவில்லை. பெற்றோர் படும் பாட்டை எடுத்துரைத்தேன், தைரியம் சொன்னேன், அவனினும் துன்புறுவோரை உதாரணம் காட்டினேன். கால் மணி நேரம் பேசியிருப்பேன். "நீ சொல்வது சரிதான்" என்று கூறி, அவன் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். நல்லது செய்துவிட்டோம் என்ற நிறைவோடு நான் உறங்கினேன். அடுத்த விடுமுறைக்கு ஊர் சென்றவன் திரும்பி வரவில்லை. நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் மறுமொழி இல்லை. அவன் அன்று சொல்ல வந்தது இன்னதென்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த உறுத்தலே என்னை உளநூலின் பக்கம் திருப்பியது. முதுகலைப் பட்டம் பெற்றபின், மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் இரண்டாண்டுகள் பயிற்சி பெற்றேன். நோயுற்றவரோடு நான் நடத்திய உரையாடல்களை எழுதி அவரிடம் காட்ட வேண்டும். அவர் சிவப்பு மையால் அடிக்கோடிட்டவை பெரும்பாலும் நான் வழங்கிய அறிவுரைகளே!

அக்காலத்தில் நான் படித்த அறிஞருள் ஒருவர் அமெரிக்கரான கார்ல் ராஜர்ஸ் (1902–1987). வேளாண்மை பயிலச் சென்று, வரலாற்றுக்கு மாறி, சமயக் கல்லூரியில் சேர்ந்து, இறுதியில் உளநூலுக்கு வந்தவர் அவர். 1928 முதல் ராசெஸ்டர் நகரில் சிறுவர்களுக்காகப் பணியாற்றினார். அங்கு ஒரு குறும்புக்காரச் சிறுவனின் தாய் அவரிடம் வந்துகொண்டிருந்தாள். அவள் மகனை ஏற்றுக்கொள்ளாததே தொல்லைக்குக் காரணம் என்று முடிவு செய்த ராஜர்ஸ், அதனை அவளுக்கு உணர்த்தப் பலமுறை முயன்றார், பயன் இல்லை. தம் தோல்வியை அவர் ஒப்புக்கொள்ள, இருவரும் விடைபெற்றனர். வாயில் வரை சென்ற அவள் திரும்பி நின்று, பெரியவர்களுக்கும் இங்கே உதவி உண்டோ என்று வினவினாள். உண்டு என்றதும், மீண்டும் அமர்ந்து, தன் இல்வாழ்வின் துயரங்களைக் கொட்டத் தொடங்கினாள். அவர் எழுதி வைத்திருந்த குறிப்புகளில் காணாத வேறொரு கதை அது. எங்கே வலிக்கிறது என்பதை அறிந்தவர் நாடி வந்தவரே என்பதை ராஜர்ஸ் அன்று கண்டார்.

வக்கீலிடம் செல்பவரைக் கட்சிக்காரர் என்கிறோம். மருத்துவரிடம் செல்பவரை நோயாளி என்கிறோம். எங்களிடம் வருபவர் வெல்வதற்கு வழக்கு இல்லை; தீர்ப்பளிக்க நீதிபதியும் இல்லை. ஆதலின் நான் அவரை 'வந்தவர்' என்றே குறிப்பேன்.

ஒரு மாணவியைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். "இவளுக்குப் புத்தி சொல்லுங்கள், ஐயா" என்று தந்தை அழைத்து வந்தார். அவரை வெளியே இருக்கச் சொன்னேன். முதல் இரு நாளும் அவள் பேசவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. மூன்றாம் நாள், ஒரு பாடத்தில் தோற்றதை வீட்டில் மறைத்துவிட்டதாகச் சொன்னாள். "நான் ஒன்றுக்கும் உதவாதவள்" என்றாள். 'அப்படி இல்லையம்மா' என்ற சொல் என் நாவின் நுனி வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

இத்தகைய எண்ணங்களை ஆராயும் முறையை 1960களில் வகுத்தவர் ஆரன் பெக் என்னும் அமெரிக்க மருத்துவர். எண்ணத்தைத் தாளில் எழுதி, அதற்குரிய சான்றுகளையும் எதிரான சான்றுகளையும் இருபுறமும் வரிசைப்படுத்திப் பார்ப்பது அம்முறையின் ஒரு பகுதி. அவளும் எழுதினாள். இடப்பக்கம் விரைவில் நிரம்பியது. வலப்பக்கத்தில் நெடுநேரம் கழித்து, 'தம்பிக்குத் தினமும் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன்' என்று எழுதினாள். அந்த ஒரு வரியை நான் சொல்லியிருந்தால் அது என் சொல்லாகவே நின்றிருக்கும். சில வாரங்களுக்குப் பின் தந்தையிடம் உண்மையைத் தானே கூறினாள். நான் உடன் இருந்தேன், அவ்வளவே.

வந்தவர் சொன்னது அறையை விட்டு வெளியேறலாகாது. இதை 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் உரிமையாக்கியுள்ளது. உயிருக்கு ஆபத்து நேரும் நிலை இதற்கு விலக்கு.

மாணவ நண்பர்களே! உங்களிடமும் ஒருநாள் ஒரு தோழன் பேச வாயெடுப்பான். அவன் முடிக்கும்வரை பொறுத்திருங்கள். அவன் பேச்சில் சாவின் சாயல் தென்பட்டால், அந்த இரகசியத்தை நீங்கள் மட்டும் சுமக்க வேண்டா. நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் உடனே சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில், 2022 இல் தொடங்கிய அரசின் மனநலத் தொலைபேசி உதவியும் உண்டு.

அந்த விடுதி இரவு எனக்கு மீண்டும் வாய்க்குமாயின், "ஏன் பிடிக்கவில்லை?" என்று மட்டும் கேட்பேன். பிறகு, விடியும்வரை ஆனாலும், பேசாதிருப்பேன்.