குஞ்சுகளுக்குச் சூடும் வீட்டு மின்சாரக் கணக்கும்



நம் வீட்டுக் கொல்லையில் நாலு கோழி மேய்வது நமக்குப் புதிதல்ல. முட்டைக்கு முட்டை, விருந்தாளி வந்தால் குழம்புக்குக் கறி, கையில் காசு இல்லாத மாதத்தில் இரண்டு சேவலை விற்றால் பள்ளிப் பிள்ளைக்குக் காலணி. ஆனால் அண்மைக் காலத்தில் ஒரு பேச்சு நம் காதில் அடிக்கடி விழுகிறது. "குஞ்சு வாங்கி வளர்த்தோம், வந்த லாபத்தை எல்லாம் கரண்டு பில் தின்றுவிட்டது" என்கிறார்கள் சிலர். "பில்லுக்குப் பயந்து இரவில் பல்பை அணைத்தோம், காலையில் பார்த்தால் பாதிக் குஞ்சு செத்துக் கிடந்தது" என்கிறார்கள் வேறு சிலர். இந்த இரண்டு குறைகளையும் ஒன்றாக வைத்து இன்று பார்ப்போம்.

முதலில், குஞ்சுக்கு ஏன் சூடு வேண்டும்? பொரித்த குஞ்சின் மேலிருப்பது பூமயிர், அது இறகாகாது. தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் வலிமை அதற்கு வர நான்கைந்து வாரம் ஆகும். அதுவரை முதல் வாரத்தில் குஞ்சு நிற்கும் இடத்தில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் இருக்க வேண்டும். பிறகு வாரத்துக்கு ஏறக்குறைய 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். நம் தாழ்நிலத் தோட்டங்களில் உச்சிவேளையில் நிழலிலேயே 32 டிகிரி இருக்கும். தகரக் கூரையின் கீழ் அதற்கும் மேல். இரவில் 24 அல்லது 23 டிகிரிக்கு இறங்கும். ஆகவே பகலில் இயற்கையே நமக்காகச் சூடேற்றித் தருகிறது. இரவில் குறையும் டிகிரிக்கு மட்டும் நாம் காசு கொடுக்கிறோம். இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கணக்கு முடிந்தது. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே இரவில் 15 டிகிரி வரை குளிரும். பகலிலும் பல்பு வேண்டியிருக்கும்.

இனி கணக்கைப் பார்ப்போம். எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நாங்கள் இதைச் சொல்லிக் கொடுப்பதுண்டு. வீட்டில் பெரியவர்களைவிட அவர்கள் வேகமாகப் போட்டுவிடுகிறார்கள். பல்பின் மேல் எழுதியிருக்கும் வாட் எண்ணை, அது எரியும் மணி எண்ணால் பெருக்குங்கள். வருவதை 1000-ஆல் வகுத்தால் யூனிட். 100 வாட் பல்பு 10 மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். அதே பல்பு இரவும் பகலும் எரிந்தால் நாளொன்றுக்கு 2.4 யூனிட், நான்கு வாரத்துக்கு 67.2 யூனிட்.

ஒரு யூனிட் என்ன விலை? தீபகற்ப மலேசியாவில் 2025 ஜூலை 1 முதல் புதிய கட்டண முறை வந்தது. பில்லில் முன்பு ஒரே வரியாக இருந்தது இப்போது பல வரிகளாக இருப்பதைப் பார்த்துப் பலர் குழம்பிப் போனார்கள். சாதாரண வீடுகளுக்கு மின்சக்திக்கு 27.03 காசு, கொள்ளளவுக்கு 4.55 காசு, கம்பிவழிக்கு 12.85 காசு, மூன்றையும் கூட்டினால் யூனிட்டுக்கு 44.43 காசு. பதற வேண்டாம். மாதம் 200 யூனிட்டுக்குள் அடங்கும் வீட்டுக்கு யூனிட்டுக்கு 25 காசு தள்ளுபடி கிடைக்கிறது. எனவே 19.43 காசுதான் நம் கையிலிருந்து போகிறது. பயன்பாடு கூடக் கூட அந்தத் தள்ளுபடி படிப்படியாகக் குறையும். 1000 யூனிட்டுக்கு மேல் இல்லாமலே போய்விடும். 600 யூனிட்டைத் தாண்டினால் மாதம் 10 வெள்ளி தனிக் கட்டணமும் சேரும். இன்றைய பேச்சுக்கு இந்த விலையை வைத்துக்கொள்வோம். உங்கள் பில்லில் வேறு எண் இருந்தால் அதைப் போட்டுக் கணக்கிடுங்கள், முறை மாறாது.

அப்படிப் பார்த்தால் 100 வாட் பல்பு நான்கு வாரம் அணையாமல் எரிந்தாலும் 13 வெள்ளி 6 காசுதான். அப்படியானால் லாபத்தைத் தின்றது எது?

கோழித் தீவனக் கடையில் சிவப்பு நிறத்தில் பெரிய பல்பு ஒன்று தொங்கும். குஞ்சுக்கு என்று கேட்டால் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அது 250 வாட். பெரிய கொட்டகையில் நிறையக் குஞ்சுகளுக்குச் சூடு கொடுப்பதற்காகச் செய்தது. அதை இருபது குஞ்சுகளுக்கு மேல் தொங்கவிட்டு நான்கு வாரம் எரித்தால் 168 யூனிட்! நிதானமாக 180 யூனிட்டில் இருந்த ஒரு வீடு ஒரே மாதத்தில் 350 யூனிட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். தள்ளுபடியும் குறையும். குஞ்சுகளோ சூடு தாங்காமல் மூலையில் போய் ஒண்டிக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கும். காசும் போய், குஞ்சும் வாடுகிறது.

இதற்கு நேர்மாறாக இன்னொரு வகையினர் இருக்கிறார்கள். மின்சாரம் மிச்சமாகும் என்று கேள்விப்பட்டு 9 வாட் எல்இடி பல்பைக் குஞ்சுப் பெட்டியில் மாட்டிவிடுவார்கள். வெளிச்சம் பளிச்சென்று இருக்கும்; சூடு வராது. பழைய குண்டு பல்பு வாங்கிய மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாகவே வீணாக்கியது. அந்த வீண்தான் குஞ்சுக்கு வேண்டிய பொருள். வீட்டு விளக்குக்கு எல்இடி மிகச் சிறந்தது, குஞ்சுக்கு உதவாது.

குண்டு பல்பு இப்போது எல்லாக் கடையிலும் கிடைப்பதில்லை. செல்லப் பிராணிக் கடைகளில் பல்லி, ஆமை வளர்ப்பவர்களுக்கென்று விற்கும் சூட்டு பல்புகளில் 50, 75, 100 வாட் அளவுகள் உண்டு. வெளிச்சமே இல்லாமல் சூடு மட்டும் கொடுக்கும் பீங்கான் சூடேற்றியும் அங்கே கிடைக்கும். அதைப் பிளாஸ்டிக் ஹோல்டரில் மாட்டக் கூடாது, உருகிவிடும். பீங்கான் ஹோல்டர் வேண்டும்.

பல்லி, ஆமை என்றதும் ஒரு வார்த்தை. பட்டணத்தில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளில் சிலர் கண்ணாடிப் பெட்டியில் பாலைவனப் பல்லி வளர்க்கிறார்கள். அதற்கும் இதே கணக்குத்தான். அது வெயில் காய்வதற்குப் பகலில் சில மணி நேரம் ஓர் இடத்தில் சூடு வேண்டும். தாழ்நிலத்து வீட்டில் இரவில் பெரும்பாலும் பல்பு தேவையில்லை. அதன் சொந்தப் பாலைவனத்திலேயே இரவில் குளிர்தான். ஆனால் பெட்டியை ஏர்கோன் அறையில் வைத்துவிட்டு, ஒரு பக்கம் குளிரூட்டவும் மறுபக்கம் சூடேற்றவும் காசு கட்டுவது எந்தக் கணக்கிலும் சேராது. இவற்றில் பலவற்றை வைத்திருக்க 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமம் வேண்டும். வாங்குவதற்கு முன் வனவிலங்குத் துறையிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

குஞ்சுக்கு வருவோம். சூட்டைக் கூட்டுவதற்கு முன் இருக்கும் சூடு ஓடிப்போகாமல் காப்பதுதான் சிக்கனம். வளையமாக வளைத்த தகரத்தாலோ, கெட்டியான அட்டையாலோ குஞ்சுகளைச் சுற்றி ஒன்றரை அடி உயரத்துக்குத் தடுப்பு வையுங்கள். மூலை இருக்கக் கூடாது. குளிர் வந்தால் குஞ்சுகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் இருப்பவை மூச்சு முட்டிச் சாகும். தரையில் தச்சுப் பட்டறையில் கிடைக்கும் இழைப்புச் சுருளையோ உமியையோ மூன்று அங்குலம் பரப்புங்கள். சிமெண்டுத் தரையின் குளிர் மேலே ஏறாது. வெறும் செய்தித்தாள் வழுக்கும்; குஞ்சின் கால் அகன்று ஊனமாகிவிடும். இரவில் தடுப்பின் மேல் முக்கால் பாகத்தைப் பழைய சாக்கால் மூடி, மீதியைக் காற்றுக்கு விடுங்கள். சாக்கு பல்பைத் தொடக் கூடாது. பல்புக்கு நேர் மேலே இருக்கவும் கூடாது.

பல்பைத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், வளையத்தின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகத் தொங்கவிடுங்கள். குளிர்ந்தால் குஞ்சு கிட்டே வரும். சூடு கூடினால் தள்ளிப் போகும். மின்கம்பியை நம்பித் தொங்கவிடாதீர்கள். கட்டுக்கம்பியாலோ சங்கிலியாலோ உத்தரத்தில் இரண்டு இடத்தில் கட்டுங்கள். ஒன்று அறுந்தாலும் மற்றது பிடிக்கும். இழைப்புச் சுருளில் பல்பு விழுந்தால் தீப்பிடிக்க வெகுநேரம் ஆகாது. லயத்து வீட்டில் ஒரு கதவில் பிடித்த தீ அடுத்த கதவுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும் என்று நமக்குத் தெரியும். பக்கத்து வீட்டிலிருந்து கம்பி இழுப்பதும், ஒரே இணைப்பில் ஐஸ்பெட்டியோடு சேர்த்துச் செருகுவதும் வேண்டவே வேண்டாம்.

எப்போது அணைப்பது, எப்போது போடுவது? வெப்பமானி இல்லாவிட்டால் பரவாயில்லை, குஞ்சே சொல்லும். பல்பின் கீழ் நெருக்கியடித்துக்கொண்டு கீச்கீச்சென்று கூர்மையாகக் கத்தினால் குளிர். பல்பை விட்டு விலகி, சிறகைத் தொங்கவிட்டு, வாய் திறந்து நின்றால் சூடு அதிகம். எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எங்கிருந்தோ காற்று அடிக்கிறது. பரவலாகப் படுத்து, மெல்லிய குரலில் முனகிக்கொண்டிருந்தால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

இங்கே தோட்டத்து வீடுகளில் நேரும் ஒரு தவற்றைச் சொல்ல வேண்டும். காலையில் நாலரை மணிக்கு எழுந்து, சமைத்து, ஐந்தரை மணிக்குப் பிரட்டுக்குக் கிளம்பும்போது வீட்டு விளக்குகளை எல்லாம் அணைக்கிறோம். அந்தக் கையோடு குஞ்சு பல்பையும் அணைத்துவிடுகிறோம். இரவு முழுவதிலும் குளிர் அதிகமான நேரம் விடிவதற்குச் சற்று முந்திய நேரம்தான். பத்து மணி நேரம் காசு கொடுத்துக் காப்பாற்றிய குஞ்சைக் கடைசி இரண்டு மணி நேரத்தில் கைவிடுகிறோம். அந்த இரண்டு மணி நேரத்துக்கு 100 வாட் பல்பு தின்பது நாலு காசுக்கும் குறைவு. வெயில் ஏறி எட்டரை ஒன்பது மணிக்கு மேல் வீட்டிலிருக்கும் பாட்டியையோ, மதியப் பள்ளிக்குப் போகும் பிள்ளையையோ அணைக்கச் சொல்லுங்கள். வீட்டில் ஆள் இல்லையென்றால் செருகும் இடத்தில் பொருத்தும் சிறிய டைமர் ஒன்று வாங்கி மாட்டிவிடலாம்.

இருபத்தைந்து குஞ்சு வைத்திருக்கும் வீட்டுக்கு ஒரு திட்டம் சொல்கிறோம். முதல் வாரம் 100 வாட், இரவும் பகலும்: 16.8 யூனிட். உச்சிவேளையில் குஞ்சு விலகிப் போனால் அணைத்துவிடுங்கள்; இன்னும் குறையும். இரண்டாம் வாரம் 60 வாட்டுக்குப் பக்கமான பல்பு, மாலை ஆறிலிருந்து காலை எட்டு வரை: 5.88 யூனிட். மூன்றாம் வாரம் அதே பல்பு பன்னிரண்டு மணி நேரம்: 5.04 யூனிட். நான்காம் வாரம் 40 வாட், பத்து மணி நேரம்: 2.8 யூனிட். கூட்டினால் 30.52 யூனிட், 5 வெள்ளி 93 காசு. குஞ்சு ஒன்றுக்கு 24 காசு. அந்த 250 வாட் பல்பின் 168 யூனிட்டோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். மழை விடாமல் பெய்யும் நாளில் திட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் குஞ்சின் பேச்சைக் கேளுங்கள்.

ஒரு காசும் செலவில்லாத வழியும் இருக்கிறது. தோட்டத்து எஞ்சின் மாலையில் சில மணி நேரம் மட்டும் ஓடிய காலத்தில் நம் பாட்டிமார் குஞ்சு வளர்க்கவில்லையா? அடைக்கோழி ஒன்று பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளைத் தன் சிறகுக்குள் வைத்துக் காக்கும். அடை படுத்திருக்கும் கோழி இருந்தால், கடையில் வாங்கிய ஒரு நாள் குஞ்சுகளை இருட்டிய பிறகு ஒவ்வொன்றாக அதன் அடியில் தள்ளிவிட்டு, காலையில் அருகிலிருந்து பாருங்கள். ஏற்றுக்கொண்டால் பல்பே வேண்டாம். கொத்தினால் உடனே எடுத்துவிட வேண்டும்.

மின்தடை வந்தால் கலங்க வேண்டாம். போத்தலில் வெந்நீர் ஊற்றி இறுக மூடி, துணி சுற்றி, குஞ்சுகளின் நடுவில் வையுங்கள். இரண்டு மணிக்கு ஒரு முறை நீரை மாற்றினால் போதும். கரியடுப்பை மூடிய அறைக்குள் கொண்டுபோகாதீர்கள். அதன் புகை குஞ்சை மட்டுமா கொல்லும்?

நான்காம் வாரம் முடிந்து, முதுகிலும் மார்பிலும் இறகு மூடியதும் மழையில்லாத ஓர் இரவாகப் பார்த்துப் பல்பைப் போடாமல் விட்டுப் பாருங்கள். காலையில் எல்லாம் சுறுசுறுப்பாகத் தீனிக்கு ஓடி வந்தால் கழற்றிவிடலாம். பல்பு நன்றாக ஆறிய பிறகு தூசியைத் துடைத்து, அட்டைப் பெட்டியில் போட்டு, எத்தனை வாட் என்று மேலே எழுதிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த ஈட்டுக் குஞ்சு வரும்போது தேட வேண்டியதில்லை.