எண்ணெய் குடித்த மண்ணைக் கொட்டினவர் செலவிலேயே மீட்போம்!

 

நெய்வேலியைச் சுற்றியிருக்கிற நமக்கு மண் பறிபோகிற கதை புதுசு இல்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் நின்ற நெல்லுக்குள்ள பொக்லைன் இறங்கியதை நாடே பார்த்தது. அந்தப் போராட்டம் தனி. இன்னைக்கு நாம பேசுறது, கையில் மிச்சமிருக்கிற நிலத்தில் டீசலோ ஆயிலோ கொட்டிவிட்டால் என்ன செய்வது என்பதைப் பற்றி. லாரி கவிழுது, டேங்கு ஒழுகுது, ஒர்க்‌ஷாப்பு கழிவு ஆயில் மழையோட வாய்க்காலுக்கு வருது. உடனே நாலு டிப்பர் செம்மண் அடிச்சு மூடிட்டு, ஏதோ கையில் கொடுத்து வெள்ளைப் பேப்பரில் கையெழுத்துக் கேட்பார்கள். போடாதீர்கள்!

மூடினால் எண்ணெய் போய்விடாது. மண் துகளைச் சுற்றிப் பிசினாட்டம் ஒட்டிக்கொண்டு தண்ணியையும் காற்றையும் உள்ளே விடாது. விதை முளைக்காது, முளைத்ததும் மஞ்சளாகும். கீழே இறங்கினால் கிணறும் போச்சு. 2013இல் சென்னை தண்டையார்பேட்டையில் குழாய் கசிந்து நிலத்தடித் தண்ணியில் எண்ணெய் கலந்தது. 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் ஓஎன்ஜிசி குழாய் உடைந்து வயலில் எண்ணெய் பரவியது. கேள்வி கேட்ட மக்கள் மீது தடியடி, கைது.

சரி, அந்த மண் செத்தே போச்சா? இல்லை. எண்ணெயைத் தின்கிற நுண்ணுயிர் நம்ம மண்ணிலேயே இருக்கு. அதுக்கு வேண்டியது காற்று, ஈரம், தழைச்சத்து, மணிச்சத்து. மக்காத மரத்தூளை வயலில் போட்டால் பயிர் வெளுக்கும் இல்லையா? மரத்தூளைத் தின்கிற கிருமி தழைச்சத்தை இழுத்துக்கொள்வதுதான் காரணம். எண்ணெயிலும் அதே கணக்கு. எண்ணெயில் கரி 100 பங்கு என்றால் தழை 10, மணி 1 என்று தோராயமாக வைப்பார்கள்.

முதலில் ஒழுகலை அடைத்து, மழைத்தண்ணி வெளியே ஓடாமல் வரப்பு போடணும். தேங்கின எண்ணெயை அள்ளணும். கெட்ட மண்ணைத் தடிமனான பிளாஸ்டிக் விரிப்பின் மேல் ஒரு அடி உயரத்துக்குப் பரப்பி, மக்கின சாணி எரு, யூரியா, சூப்பர் பாஸ்பேட் கலந்து, ஈரம் காயாமல், தண்ணி கட்டாமல், வாரம் ஒருமுறை கிளறணும். நம்ம வெயில் இதுக்குத் தோது. டீசல் என்றால் சில மாதம். கெட்டியான ஆயில் என்றால் வருஷம் தாண்டும். கழிவு ஆயிலில் உள்ள ஈயத்தைக் கிருமி தின்னாது, அதைத் தனியா சோதிக்கணும். கொளுத்துவதும் சோப்புத்தூள் கரைத்து ஊற்றுவதும் கூடவே கூடாது. அந்த இடத்தில் மாடு மேயவும் விடாதீர்கள்.

இதெல்லாம் கம்பெனிக்காரர்களுக்குத் தெரியாததா? எண்ணெய்ச் சகதியைத் தின்கிற கிருமிக் கலவையை டெரி ஆராய்ச்சி நிறுவனம் தயாரித்தது. அதோடு சேர்ந்து ஓஎன்ஜிசி தனிக் கம்பெனியே தொடங்கியது. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரண்டு கப்பல் மோதியபோது அள்ளிய சகதிக்கும் இந்த வைத்தியம்தான். அவர்கள் குழிக்குக் கிருமி, நம்ம வயலுக்கு மட்டும் செம்மண்ணா?

கெடுத்தவரே செலவு தரணும் என்று 1996இலேயே வேலூர் தோல் தொழிற்சாலை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2010ஆம் ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்திலும் அது இருக்கு. இழப்பீட்டுக்கும் நிலத்தைச் சீராக்கவும் 5 வருஷத்துக்குள் மனுப் போடலாம். சென்னையிலேயே அமர்வு இருக்கு.

ஆகவே நாம் கேட்பது: மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், வேளாண்மை அலுவலர், வி.ஏ.ஓ. முன்னிலையில் மண்ணும் கிணற்றுத் தண்ணியும் எடுத்துச் சோதிக்கணும். எண்ணெய் அளவு இறங்கியதென்று மறுசோதனை சொல்லும்வரை சுத்தம் செய்யும் செலவு கொட்டினவருடையது. அத்தனை போகத்துக்கும் பயிர் இழப்பீடு, குடிக்க லாரித் தண்ணி. குத்தகைக்காரருக்கும் இது உண்டு, பட்டாதாரரோடு நிறுத்தக் கூடாது.

மனு மேஜையில் இருக்கு. பாதிக்கப்பட்டவர்கள் சர்வே எண், அடங்கல் நகல், தேதி தெரிகிற போட்டோ மூன்றையும் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். கலெக்டர் ஆபீசின் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் எல்லாரும் சேர்ந்தே கொடுப்போம்.