குதிகால் வலியும் அதிர்வலை சிகிச்சையும்: மாநாட்டுத் தலைமை உரை



நாட்பட்ட தசைநாண் வலியைப் பற்றிப் பேசச் சங்கரன்கோவிலைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. விசைத்தறிக்கு முன்னால் நாள் முழுக்க நிற்கும் கால்கள் இங்கே உண்டு. சுற்றுப்பட்டு ஊர்களில் பீடி சுற்றும் கைகள் உண்டு. ஆடித்தபசுக் காலத்தில் வெறுங்காலோடு ஆடிச்சுற்று சுற்றுகிறவர்களும் உண்டு. "காலையில எந்திரிச்சு முதல் அடி வைக்க முடியல டாக்டர்" என்று சொல்லாத குதிகால் வலிக்காரரை நாம் பார்த்திருக்கமாட்டோம்.

இந்த வலிக்கு நாம் தரும் அதிர்வலை சிகிச்சை சிறுநீரகக் கல்லில் தொடங்கியது. 1980 பிப்ரவரியில் மியூனிக் நகரில் கிறிஸ்டியன் சௌசி குழுவினர், விமானம் கட்டும் டோர்னியர் நிறுவனத்தின் கருவி எழுப்பிய அதிர்வலையைக் கொண்டு, உடலைக் கீறாமல் சிறுநீரகக் கல்லை உடைத்தார்கள். அந்த அலைதான் பின்னர் ஒட்டாத எலும்புக்கும், அதன்பின் தசைநாணுக்கும் வந்தது. குதிகால் வலிக்கு இதைப் பயன்படுத்த 2000இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. இது கரண்ட் வைப்பதல்ல, அழுத்த அலை என்பதை நோயாளியிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பாதிப் பயம் அதிலேயே போய்விடும்.

அதிர்வலைக் கருவி என்ற ஒரே பெயரில் இரண்டு கருவிகள் புழங்குவதுதான் எனக்குப் பெரிய கவலை. ஒன்றில் காற்றழுத்தம் ஒரு சிறு உலோகத் துண்டை முட்டவைக்கிறது. அதில் எழும் அலையின் வேகம் தோலருகே மிகுந்து, உள்ளே போகப் போகத் தேய்ந்துவிடும். மற்றது ஆழத்தில் ஓரிடத்தில் குவியும். எதைப் பயன்படுத்தினோம், எவ்வளவு ஆற்றல், எத்தனை அடி என்று எழுதாத ஆய்வுக்கட்டுரையை வைத்துக்கொண்டு என்ன முடிவுக்கு வருவது?

பலனும் இடத்துக்கு இடம் வேறு. பல மாதம் பயிற்சி செய்தும் தீராத குதிகால் வலிக்கு, வாரம் ஒருமுறையாக மூன்று நான்கு வாரம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. தோள் தசைநாண் வலிக்கோ, 2020இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வு இதில் பெரிய பலன் காணவில்லை. குதிகாலின் பின்புறமுள்ள குதிநாணின் வலியில், பயிற்சியோடு அதிர்வலையும் சேர்ந்தபோது, பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட நல்ல பலன் கிடைத்ததாக 2009இல் ஒரு ஜெர்மன் ஆய்வு காட்டியது. சேர்ந்தபோது என்பதை அழுத்திச் சொல்கிறேன். பயிற்சியை விட்டுவிட்டுக் கருவியை மட்டும் நம்பச் சொல்வது தவறு. கர்ப்பிணிகளுக்கும், ரத்தம் உறையாமைக் கோளாறு உள்ளவர்களுக்கும், கட்டி உள்ள இடத்திலும் இது கூடவே கூடாது.

தறியில் வேலை பார்ப்பவருக்கு ஒரு சிட்டிங் என்றால் அரைநாள் கூலி போச்சு. மூன்றாவது வாரமும் மாற்றம் இல்லாதவரிடம் பத்து சிட்டிங்குக்குப் பணம் கட்டச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். நோயை மறுபடி ஆராய்வதுதான் அப்போது நம் கடமை.

இன்று கட்டுரை படிக்கும் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன்: நோயாளி ஆறு மாதம் கழித்து எப்படி இருக்கிறார் என்பதையும் சொல்லுங்கள்; குணமாகாதவர்களின் கணக்கையும் மறைக்காமல் வையுங்கள். மாநாட்டைத் தொடங்கிவைக்கிறேன்.